ஜப்பானிய ஃபேமிகாம், சிங்கப்பூர் மின்சாரம்: ஒரு பழுதாய்வு

கருவி: நின்டெண்டோ ஃபேமிகாம், டிவியில் இணைத்து ஆடும் வீடியோ கேம் கருவி, மாடல் ஹெச்விசி-001. 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்த சிவப்பு வெள்ளை உடல் கொண்ட வகை. இரண்டு கன்ட்ரோலர்களும் கழற்ற முடியாதபடி கருவியோடு இணைந்தவை. விளையாட்டு அடங்கிய கேட்ரிட்ஜைச் செருகும் இணைப்பில் 60 கால்கள். ஜப்பானில் வாங்கி இங்கே கொண்டுவரப்பட்டு, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடொன்றின் அலமாரியில் நெடுங்காலம் கிடந்தது.

உரிமையாளர் சொன்ன புகார்: "சுவிட்சைப் போட்டேன், டிவியில ஒண்ணும் வரல. அடாப்டர் கொதிச்சுது, கருகின வாடை அடிச்சுது. பிறகு அதுவும் ஆறிப்போச்சு."

இந்த மாடலில் மின்சாரம் வந்ததைக் காட்டும் விளக்கே கிடையாது. அதனால் கருவி செத்துவிட்டதா, உயிரோடு இருந்தும் படம் மட்டும் வரவில்லையா என்று வெளியிலிருந்து சொல்லவே முடியாது. சிங்கப்பூரில் இந்தக் குழப்பம் இன்னும் கூடும். ஜப்பானிய வீட்டு மின்சாரம் 100 வோல்ட், இங்கே 230. ஜப்பானிய டிவி சேனல்களின் அலைவரிசை வேறு, இங்குள்ளது வேறு. அனலாக் ஒளிபரப்புக் காலத்தில் வண்ணப்பட முறை அங்கே என்டிஎஸ்சி (NTSC), இங்கே பால் (PAL). இந்த மூன்றில் எதுவுமே பழுது ஆகாது, ஆனால் மூன்றும் பழுதைப் போலவே முகம் காட்டும். எது பழுது, எது வெறும் பொருத்தமின்மை என்று முதலில் பிரித்துவிட வேண்டும். அதைச் செய்யாமல் சால்டரிங் அயர்னைச் சூடாக்கினால் நல்ல சிப்பைக் கழற்றிவிட்டு, கெட்ட இடத்தை அப்படியே விட்டுவிடுவோம். இந்தக் கருவியில் அதற்கான வாய்ப்பு ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் இருந்தது.

அடாப்டர்

மூல அடாப்டர் ஹெச்விசி-002. உள்ளீடு 100 வோல்ட் ஏசி, வெளியீடு 10 வோல்ட் டிசி, 850 மில்லியாம்பியர். செருகியின் நடுமுனை எதிர்மறை. உள்ளே இருப்பது சாதாரண இரும்பு உள்ளக டிரான்ஸ்ஃபார்மர். கைப்பேசி சார்ஜர்போல எந்த மின்னழுத்தத்துக்கும் தன்னைச் சரிசெய்துகொள்ளும் திறன் அதற்கு இல்லை. பயண அடாப்டர் என்று கடைகளில் விற்பது முனைகளின் வடிவத்தைத்தான் மாற்றுகிறது, மின்னழுத்தத்தை அல்ல. அதன் வழியாக நம் மூன்று முனை சாக்கெட்டில் மூல அடாப்டரைச் செருகியதும் 100 வோல்ட்டுக்குச் சுற்றிய கம்பிச்சுருளில் 230 வோல்ட் பாய்ந்திருக்கிறது.

அப்போது உள்ளே இரண்டு விஷயங்கள் நடக்கும். இரும்பு உள்ளகம் தாங்கக்கூடிய காந்தப்புலத்தின் உச்சத்தைத் தாண்டிவிடும். அதன்பின் முதன்மைச் சுருளில் மின்னோட்டம் தாறுமாறாக ஏறிச் சுருள் கொதிக்கும், உள்ளே புதைத்திருக்கும் வெப்ப ஃபியூஸ் அறுந்துபோகும். அறுவதற்கு முந்தைய சிறிது நேரத்தில் வெளியீடும் எகிறும். 2.3 மடங்கு என்று தோராயமாகக் கணக்கிட்டால் 10 வோல்ட் 23 வோல்ட்டைத் தொடும். உள்ளகம் நிறைவடைவதால் முழு மடங்கும் வந்து சேராது. ஆனாலும் கருவிக்குள் இருக்கும் பாகங்களுக்கு அது பெரிய அடி.

சோதனை எளிது. அடாப்டரைச் சாக்கெட்டிலிருந்து கழற்றிவிட்டு, அதன் இரண்டு செருகு முனைகளுக்கு இடையே மல்டிமீட்டரில் மின்தடையைப் பாருங்கள். நல்ல டிரான்ஸ்ஃபார்மர் என்றால் ஏதாவதொரு எண் வரும். இங்கே முடிவிலி காட்டியது, அதாவது முதன்மைச் சுற்று அறுந்துவிட்டது. இத்தகைய அடாப்டரைப் பிளந்து வெப்ப ஃபியூஸுக்குக் குறுக்கே கம்பி போட்டு ஓட்டுவோர் உண்டு. அது கூடவே கூடாது. ஒருமுறை கொதித்த சுருளின் மின்காப்பை நம்ப முடியாது. அது விட்டுக்கொடுத்தால் 230 வோல்ட் நேராகக் கன்ட்ரோலர் கம்பிக்கு வந்துவிடும். இந்த அடாப்டர் ஒதுக்கப்பட்டது.

மாற்றாகத் தேவைப்படுவது 9 அல்லது 10 வோல்ட் டிசி, 1 ஆம்பியர் அல்லது அதற்கு மேல், 5.5 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 2.1 மில்லிமீட்டர் உள்விட்டமும் கொண்ட செருகி, நடுமுனை எதிர்மறை. கடைசி விவரத்தை இரண்டு முறை பாருங்கள். இன்று விற்கும் அடாப்டர்களில் பெரும்பாலானவை நடுமுனை நேர்மறை கொண்டவை. இன்னொரு கேம் கருவியான செகா மெகா டிரைவ் முதல் மாடலின் அடாப்டர் (9 வோல்ட், 1.2 ஆம்பியர்) துருவம், செருகி இரண்டிலும் ஒத்துப்போகும். இங்கே விற்பனையான மெகா டிரைவோடு வந்த 230 அல்லது 240 வோல்ட் அடாப்டர் வீட்டில் கிடந்தால் அதையே பயன்படுத்தலாம். ஆனால் ஃபேமிகாமின் மேலைநாட்டு வடிவமான என்இஎஸ் கருவியின் அடாப்டரை ஒருபோதும் செருகாதீர்கள். செருகி அப்படியே பொருந்தும், ஆனால் அதிலிருந்து வருவது 9 வோல்ட் ஏசி. என்இஎஸ் அதைத் தன் உள்ளேயே டிசியாக மாற்றிக்கொள்ளும். ஃபேமிகாம் டிசியைத்தான் எதிர்பார்க்கிறது.

புதிதாக வாங்குவதானால் பாதுகாப்பு முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். சிங்கப்பூரில் அடாப்டர்களுக்கு அது கட்டாயம். 230-லிருந்து 100-க்கு இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து மூல அடாப்டரையே ஓட்டுவதும் சரியான வழிதான், அந்த அடாப்டர் உயிரோடு இருந்தால். 110 வோல்ட் வெளியீடு தரும் டிரான்ஸ்ஃபார்மரை வாங்கினால் கருவி வேலை செய்யும், ஆனால் கருவிக்குள் மின்னழுத்தத்தை நிலைப்படுத்தும் ரெகுலேட்டர் கூடுதலாகச் சூடாகும்.

ரெகுலேட்டர்

புது அடாப்டர் கைக்கு வந்ததும் செருகிப் பார்க்கத் தோன்றும். அதற்குமுன் கருவியைத் திறந்தாக வேண்டும். அடியில் ஆறு திருகுகள், சாதாரண நட்சத்திரத் திருப்புளி போதும். உள்ளே தாய்ப் போர்டு ஒன்று, மின்சாரத்தையும் ஆர்எஃப் (டிவியின் ஆன்டெனா துளைக்குப் போகும் அலை) வெளியீட்டையும் கவனிக்கும் சிறு போர்டு ஒன்று. சிறு போர்டில் உலோகத் தகட்டோடு நிற்கும் மூன்று கால் பாகம்தான் 7805. வரும் மின்னழுத்தத்தை 5 வோல்ட்டாக இறக்கித் தருவது அதன் வேலை.

7805-இன் உள்ளீட்டு உச்சவரம்பு 35 வோல்ட். அடாப்டர் எகிறியபோதும் அது உடனே வெடிக்காததற்கு இதுவே காரணம். வெப்பம் வேறு கணக்கு. ஃபேமிகாம் சுமார் 4 வாட் எடுக்கும், 10 வோல்ட்டில் அது 0.4 ஆம்பியர். வழக்கமான நிலையில் 7805 எரித்துத் தள்ளுவது (10 − 5) × 0.4 = 2 வாட். உள்ளீடு 23 ஆனால் (23 − 5) × 0.4 = 7.2 வாட். அந்தச் சிறு தகடு அதைத் தாங்காது. உள்ளிருக்கும் வெப்பப் பாதுகாப்பு வெளியீட்டை நிறுத்தும், ஆறியதும் திரும்பத் தொடங்கும். அப்படிச் சில முறை கொதித்த ரெகுலேட்டர் வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும்.

ஆபத்து எங்கே என்றால், 7805 கெடும்போது சில நேரம் உள்ளீடும் வெளியீடும் ஒட்டிக்கொள்ளும். அந்த நிலையில் அடாப்டரைச் செருகினால் 5 வோல்ட் சிப்புகள் அனைத்துக்கும் 9 வோல்ட் போய்ச் சேரும். கருவியின் மூளையான சிபியு ஆர்பி2ஏ03, படம் வரையும் பிபியு ஆர்பி2சி02. இரண்டும் இன்று பழைய கருவிகளிலிருந்து எடுத்தால்தான் உண்டு. 7805-ஓ சிம் லிம் டவரில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. காசு பாராமல் முதலிலேயே அதைச் சந்தேகிப்பது நல்லது.

சோதித்த முறை இது. மின்சாரம் இல்லாத நிலையில் 5 வோல்ட் தடத்துக்கும் கிரவுண்டுக்கும் இடையே மின்தடை பார்க்கப்பட்டது. பூஜ்யத்துக்கு அருகில் இல்லை என்பதால் சிப் எதுவும் ஷார்ட் ஆகவில்லை. பிறகு 7805-இன் வெளியீட்டுக் கால் மட்டும் ஈயம் உறிஞ்சி விடுவிக்கப்பட்டது. எழுத்துள்ள முகம் நம்மைப் பார்க்கும்போது இடமிருந்து வலமாக உள்ளீடு, கிரவுண்டு, வெளியீடு என்று கால்கள் வரும். வெளியீட்டுக் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று போலிச் சுமையாக வைக்கப்பட்டது. 5 வோல்ட்டில் அது 0.5 ஆம்பியர் இழுக்கும், அதாவது கருவி இழுப்பதைவிடச் சற்று அதிகம். மின்னோட்ட வரம்பு வைத்த மேசைப் பவர் சப்ளையிலிருந்து 9 வோல்ட் கொடுக்கப்பட்டது.

சுமையில்லாமல் 5.0 வோல்ட் சரியாக வந்தது. சுமை ஏறிய சில நிமிடங்களில் 4.3-க்குச் சரிந்தது, ஆறினால் மீண்டும் 5. சுமை வைக்காமல் பார்த்திருந்தால் ரெகுலேட்டர் நல்லது என்றே எழுதியிருக்க வேண்டிவரும். கூடவே உள்ளீட்டுப் பக்க மின்னாற்பகுப்புக் கெப்பாசிட்டரின் மேல்முகம் உப்பியிருந்தது. இரண்டும் மாற்றப்பட்டன. கெப்பாசிட்டருக்கு, பழையதன் மேல் அச்சிட்ட அதே மைக்ரோஃபாரட் மதிப்பு, 25 வோல்ட், 105 டிகிரி வகை. துருவக் கோட்டைப் பழையதோடு ஒப்பிட்டே பொருத்த வேண்டும். 7805-க்கும் தகட்டுக்கும் இடையே புது வெப்பப் பசை மெல்லியதாகத் தடவப்பட்டது. அதே சுமையில் அரை மணி நேரம் ஓட்டியும் 4.98-லிருந்து அசையவில்லை. மல்டிமீட்டரை ஏசி நிலைக்கு மாற்றிப் பார்த்தபோது அலைவு ஏறக்குறைய இல்லை. அதன் பிறகே வெளியீட்டுக் கால் போர்டோடு மீண்டும் இணைக்கப்பட்டது.

7805 சரியாக இயங்க உள்ளீடு வெளியீட்டைவிடக் குறைந்தது 2 வோல்ட் மேலே நிற்க வேண்டும். கெப்பாசிட்டர் காய்ந்துபோனால் ஒவ்வொரு அலையின் பள்ளத்திலும் உள்ளீடு 7-க்குக் கீழே விழும். படத்தில் கிடைக்கோடுகள் ஊரும், ஒலியில் உறுமல் கேட்கும். அப்படிப்பட்ட கருவியில் வீடியோ பகுதியைத் தோண்டுவது வீண் வேலை.

உயிர் இருக்கிறதா

இப்போது 5 வோல்ட் நிலையாக இருக்கிறது. டிவியை மறந்துவிட்டு சிபியுவின் கால்களைப் பாருங்கள். 40-ஆம் காலில் 5 வோல்ட், 20-இல் கிரவுண்டு. 3-ஆம் கால் ரீசெட்; சுவிட்ச் போட்டதும் மேலே ஏறி அங்கேயே நிற்க வேண்டும். 31-ஆம் காலில் எம்2 கடிகாரத் துடிப்பு. 21.477 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை 12-ஆல் வகுத்து வரும் 1.79 மெகாஹெர்ட்ஸ் அது. ஆசிலோஸ்கோப் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மல்டிமீட்டர் டிசி நிலையில் 0-வும் இல்லாமல் 5-உம் இல்லாமல் நடுவே ஒரு மதிப்பு காட்டினால் துடிப்பு இருக்கிறது என்று பொருள். இங்கே காட்டியது. சிபியு ஓடுகிறது.

படம் ஏன் வரவில்லை

ஆர்எஃப் கம்பியை டிவியில் செருகி சேனல் தேடினால் எதுவும் சிக்கவில்லை. இது பழுது அல்ல. ஃபேமிகாம் தன் படத்தை ஜப்பானிய 1 அல்லது 2-ஆம் சேனலில் அனுப்புகிறது, அதாவது 91.25 அல்லது 97.25 மெகாஹெர்ட்ஸ். நம் ஊர் பால் டிவியின் விஎச்எஃப் தேடல் 68 மெகாஹெர்ட்ஸ் அருகே ஒரு பட்டையை முடித்துக்கொண்டு, 174-க்கு மேல் அடுத்ததைத் தொடங்கும். இடையில் 91, 97 மெகாஹெர்ட்ஸ் உள்ள இடம் இங்கே எஃப்எம் வானொலிக்கு உரியது. அப்படியே சிக்கினாலும் ஒலி இடைவெளி அங்கே 4.5, இங்கே 5.5 மெகாஹெர்ட்ஸ் என்பதால் இரைச்சல்தான் கேட்கும். ஆர்எஃப் பெட்டியைத் திறந்து திருகிப் பார்ப்பவர்கள் நல்ல பாகத்தைக் கெடுக்கிறார்கள். இந்தக் கருவியில் அது தொடப்படவில்லை.

பிபியுவின் 21-ஆம் காலிலேயே காம்போசிட் வீடியோ (ஒரே கம்பியில் போகும் முழுப் படக் குறிப்பலை) தயாராக இருக்கிறது. அதை நேராக டிவிக்கு இழுத்தால் சிப் 75 ஓம் சுமையைத் தாங்காது, படம் மங்கும். இடையில் ஒரு டிரான்சிஸ்டர் வேண்டும். 2எஸ்ஏ1015 போதும். தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் இடமிருந்து வலமாக எமிட்டர், கலெக்டர், பேஸ். பேஸ் பிபியுவின் 21-ஆம் காலுக்கு. கலெக்டர் கிரவுண்டுக்கு. எமிட்டரிலிருந்து 5 வோல்ட்டுக்கு 300 ஓம். அதே எமிட்டரிலிருந்து 110 ஓம், அடுத்து 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் (நேர்முனை டிரான்சிஸ்டர் பக்கம்), பிறகு மஞ்சள் ஆர்சிஏ செருகி. 21-ஆம் காலிலிருந்து டிரான்சிஸ்டருக்குப் போகும் கம்பி விரல் நீளத்தைத் தாண்டக்கூடாது. நீண்டால் படத்தில் செங்குத்து நிழல்பட்டைகள் தெரியும். கம்பியை ஏற்கெனவே உள்ள திறப்பு வழியாகவே வெளியே எடுக்கலாம். செருகிக்காக உடலில் துளையிடுவதை நாங்கள் ஏற்பதில்லை. நாற்பது ஆண்டு தாக்குப்பிடித்த பிளாஸ்டிக் அது, துளையிட்டால் திரும்ப வராது.

வண்ணம் என்டிஎஸ்சி, 3.58 மெகாஹெர்ட்ஸ் துணை அலை, நொடிக்கு 60 புலங்கள். இங்கே விற்கும் எல்சிடி டிவிகளில் ஏவி உள்ளீடு இருந்தால் பெரும்பாலும் இதை ஏற்கும். பால் மட்டும் தெரிந்த பழைய குழாய் டிவியில் கறுப்பு வெள்ளையாக வரும் அல்லது உருளும். அதையும் பழுது என்று எண்ண வேண்டாம்.

பின்னணிக் குழப்பம்

டிவியில் படம் வந்தது. விளையாட்டின் கதாபாத்திரங்கள் தெளிவாக நின்றன, கன்ட்ரோலருக்கு ஏற்ப நகர்ந்தன. ஆனால் அவற்றின் பின்னால் வானமும் தரையும் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்துகளும் செங்கற்களும் தாறுமாறாகக் கலைந்து கிடந்தன.

இந்த அறிகுறி மிகவும் பேசக்கூடியது. பாத்திரங்களின் இருப்பிடப் பட்டியல் பிபியு சிப்புக்குள்ளேயே இருக்கிறது. உருவங்களின் வடிவங்கள் கேட்ரிட்ஜின் சிஎச்ஆர் நினைவகத்திலிருந்து வருகின்றன. பின்னணியில் எந்த ஓடு (சிறு சதுரப் படத்துண்டு) எங்கே என்ற வரைபடம் மட்டும் தாய்ப் போர்டில் உள்ள 2 கிலோபைட் வீடியோ ரேமில் இருக்கிறது. பாத்திரங்கள் சரி, பின்னணி மட்டும் தவறு என்றால் கெட்டது அந்த வரைபடம்தான். மின்னழுத்தம் எகிறிய கருவி என்பதால் ரேம் சிப் எரிந்துவிட்டது என்றே யாருக்கும் தோன்றும். 24 காலுள்ள 6116 வகை சிப் வாங்கி மாற்றிவிடலாம்.

ஆனால் அந்த ரேமைத் தேர்ந்தெடுக்கும் கட்டளை நேராக பிபியுவிலிருந்து போவதில்லை. கேட்ரிட்ஜைச் சுற்றிக்கொண்டு போகிறது. இணைப்பின் 49-ஆம் காலில் பிபியுவின் முகவரிக் கம்பி ஏ13-இன் குறிப்பலை தலைகீழாகி வெளியே வரும், 48-ஆம் கால் ரேமின் தேர்வுக் காலுக்குத் திரும்பும். எளிய கேட்ரிட்ஜ்களில் இந்த இரண்டையும் சிறு தடம் ஒன்று இணைத்துவிடும். ரேமின் மேல் முகவரியும் இப்படித்தான், 18-ஆம் கால் வழியாகக் கேட்ரிட்ஜிலிருந்தே வருகிறது. இந்தக் கால்களில் ஒன்று தொடாமல் போனால் நல்ல ரேமும் கெட்டதுபோல் நடக்கும்.

மின்சாரத்தை நிறுத்தி, எளிய கேட்ரிட்ஜ் ஒன்றைச் செருகி, போர்டின் அடிப்பக்கத்தில் 48-க்கும் 49-க்கும் இடையே தொடர்ச்சி பார்க்கப்பட்டது. கேட்ரிட்ஜைச் சும்மா விட்டால் மீட்டர் மௌனம். கேட்ரிட்ஜின் ஒரு ஓரத்தை விரலால் முன்பக்கம் தள்ளினால் பீப் என்றது, விட்டால் நின்றது. ரேம் குற்றமற்றது. குற்றவாளி, கேட்ரிட்ஜைத் தொட வேண்டிய இணைப்பின் தகட்டுவில்கள்.

சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். குளிர்சாதனம் இல்லாத அறையில் மூடிய அலமாரி என்றால் இன்னும் மோசம். தகட்டுவில்லின் மேல் படியும் ஆக்சைடு கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம்தான், ஆனால் அது போதும். 99 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் கேட்ரிட்ஜின் விரல்களைக் கறுப்பு வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். இணைப்பின் உள்ளே, கேட்ரிட்ஜ் போர்டின் தடிமனுக்கு ஒத்த அட்டை ஒன்றில் பஞ்சு உதிராத துணியைச் சுற்றி, ஆல்கஹாலில் நனைத்து நேராக ஏற்றி இறக்க வேண்டும், பக்கவாட்டில் ஆட்டக்கூடாது. உப்புத்தாள் தேய்த்தால் மேற்பூச்சு போய், அடுத்த மழைக்காலத்துக்குள் பழையதைவிட மோசமாகத் துருவேறும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும்.

சுத்தம் செய்தபின் 18, 49 இரண்டும் சரியாகின. 48 மட்டும் இன்னும் தயங்கியது. பூதக்கண்ணாடியில் பார்த்தபோது அதன் தகடு மற்றவற்றைவிடச் சற்றுப் பின்னே சாய்ந்திருந்தது. மெல்லிய ஊசியால் அதை மட்டும் மயிரிழை அளவு முன்னே இழுத்தோம். அடியில் அதன் ஈய முடிச்சைச் சுற்றி வளையமாக விரிசல் தெரிந்ததால் அதுவும் மறுபடி உருக்கப்பட்டது. கேட்ரிட்ஜை எப்படி அசைத்தாலும் பீப் அறுபடவில்லை. பின்னணி நேராக வந்தது.

ஒலி

ஒலி வரவில்லை என்று கருவியைக் கொண்டுவருவோரும் உண்டு, அதற்கும் இதே இணைப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஃபேமிகாமில் சிபியுவின் ஒலி 45-ஆம் கால் வழியாகக் கேட்ரிட்ஜுக்குள் போய் 46-ஆம் கால் வழியாகத் திரும்பி வருகிறது. கேட்ரிட்ஜில் கூடுதல் ஒலிச் சிப் இருந்தால் தன் ஒலியை அங்கே கலந்துகொள்வதற்காக வைத்த ஏற்பாடு அது. கேட்ரிட்ஜ் இல்லாமல் ஒலி சோதிப்பதில் பயனில்லை. ஏவி செருகிக்கான ஒலியையும் 46-இலிருந்தே எடுத்தால் அந்தக் கூடுதல் ஒலி தவறிப்போகாது. 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் 1 கிலோஓம் ரெசிஸ்டரும் தொடராக வைத்தது இதற்குப் போதுமானதாக இருந்தது.

கன்ட்ரோலர்களில் முதலாவதன் இடது பொத்தான் மட்டும் மந்தமாக இருந்தது. ரப்பர் அடிப்பட்டையையும் போர்டின் கரித்தடத்தையும் ஆல்கஹாலால் துடைத்ததும் சரியாகிவிட்டது. கம்பி உடலுக்குள் நுழையும் இடத்தில் முறிவு இருக்கிறதா என்று ஐந்து கம்பிகளிலும் தொடர்ச்சி பார்க்கப்பட்டது, முறிவு இல்லை. இரண்டாம் கன்ட்ரோலரின் மைக்ரோஃபோனுக்குக் கூடுதல் கம்பி இருப்பதால் அதன் எண்ணிக்கை வேறு. இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

மூடியபின் இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஓட்டப்பட்டது. 7805-இன் தகடு விரல் வைத்து எடுக்கும் சூட்டிலேயே நின்றது, சிபியுவின் 40-ஆம் காலில் 4.9 வோல்ட்டுக்குக் கீழே போகவில்லை. புது அடாப்டரின் முதுகில் "ஃபேமிகாம் மட்டும், 9 வோல்ட், நடுமுனை எதிர்மறை" என்று எழுதி ஒட்டப்பட்டது. கருவியும் கேட்ரிட்ஜ்களும் சிலிக்கா ஜெல் போட்ட மூடும் பெட்டியில் வைத்துத் திருப்பிக் கொடுக்கப்பட்டன. கேமராவுக்கு உலர்பெட்டி வைத்திருக்கும் வீடென்றால் அதிலேயே இடம் கொடுக்கலாம்.